சுவருக்கு இந்தப் பக்கம்

வாங்க தம்பி, உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இதுல உக்காருங்க. திண்டுக்கல்லுல இருந்தா வர்றீங்க? இந்த வெயில்ல ஒரு லென்ஸுக்காக இவ்வளவு தூரம் வர்றீங்கன்னா உங்களுக்கும் கிறுக்குதான். தப்பா நினைக்காதீங்க, எனக்கும் அதே கிறுக்கு.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். அந்த லென்ஸ்ல ஒரு கோளாறு இருக்கு. விளம்பரம் போட்டது என் மக அனுராதா, அவ அதை எழுதல. நான் குறையை மறைச்சு விக்கிற ஆள் இல்ல. சர்வீஸ் பூரா குறையை மறைச்சு வித்தவனைப் பிடிச்ச ஆள் நான். முத்திரை ஆய்வாளர், தெரியுமா? கடைத் தராசு, படி, எடைக்கல்லு எல்லாத்தையும் சோதிச்சு முத்திரை குத்தற உத்தியோகம். நாகலிங்கம்னு பேரைச் சொன்னா இந்தப் பக்கத்து அரிசி மண்டியில எல்லாம் விளக்கை அணைச்சுட்டு ஓடுவான்.

என்ன கோளாறுன்னா, எடுக்க மாட்டேங்குது. கண்ணாடியில பூஞ்சை இல்ல, வளையம் வெண்ணெய் மாதிரி சுத்தும், நீங்களே சுத்திப் பாருங்க. ஆனா எடுக்க மாட்டேங்குது. இப்படிச் சொன்னா உங்களுக்குப் புரியாது, நடந்ததைச் சொல்றேன். அவசரம் ஒண்ணும் இல்லையே?

காபி குடிங்க. இப்ப வச்சிட்டுப் போனாளே, அவதான் சௌந்தரம், என் வீட்டுக்காரி. உங்களைப் பார்த்துச் சிரிச்சாளா? இல்ல, சும்மாதான் கேட்டேன். நான் லென்ஸை எடுக்கத் திரும்பிட்டேன், கவனிக்கல.

இது ரஷ்யா லென்ஸ். வேலையில சேர்ந்த புதுசுல வாங்கினது. தூரத்துல இருக்கறதைப் பக்கத்துல இழுத்துக் காட்டும். நான் என்ன செய்வேன்னா, எதிர் டீக்கடையில ஒரு பேப்பரை விரிச்சு வச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன். அங்க கடைக்காரன் தட்டுக்கு அடியில காந்தத்தை ஒட்டுவான் பாருங்க, அந்த நேரம் பார்த்து ஒரு கிளிக். அப்புறம் உள்ள போயி, அண்ணாச்சி சௌக்கியமான்னு கேப்பேன். ஆளைப் பிடிக்கிற லென்ஸ் தம்பி இது. குடும்பத்தைக் கல்யாணம் காதுகுத்துல எடுக்கறதுக்கு எல்லாம் வேற சின்ன லென்ஸ் இருந்துச்சு. அதுவும் கூட மச்சினன்தான் எடுப்பான்.

ஃபிலிம் காலம் போனப்புறம் பீரோவுல கிடந்துச்சு. மருமகன் புதுசா ஏதோ கேமரா வாங்கினதும் பழைய டிஜிட்டலை என் தலையில கட்டிட்டுப் போனாரு. அதோட லென்ஸ்ல மோட்டார் போயிருச்சு, கர்ருபுர்ருன்னு சத்தம் மட்டும் வரும். தூக்கிப் போட மனசு வருமா? ஒரு இரும்பு வளையம் வரவழைச்சேன். ஒரு பக்கம் கேமராவுல மாட்டும், மறுபக்கம் மரை. நம்ம ரஷ்யாக்காரனை அதுல முறுக்கினேன், அம்சமா உக்காந்துக்கிச்சு. கேமராவுக்கு இது யாருன்னே தெரியாது. வெளிச்சத்துக்கு ஓட்டையைத் திறக்கறது மூடறது, தூரத்துக்கு வளையத்தைத் திருப்பறது, எல்லாம் நம்ம கைதான். ஆனா தூரம் சரியா வந்துச்சுன்னா மட்டும் உள்ள ஒரு பச்சை விளக்கு எரியும். அந்தப் பச்சை விளக்குலதான் என் கதையே இருக்கு.

அந்தச் சன்னல் வழியா எட்டிப் பாருங்க. கீழ நம்ம காம்பவுண்டு சுவர். அதுக்கு அங்கிட்டு மஞ்சள் பெயின்ட் அடிச்ச வீடு தெரியுதா? பிரேமாவதின்னு ஒரு அம்மா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்து ரிட்டயர் ஆனது. வீட்டுக்காரர் தவறிட்டார், மகன் வெளிநாடு. தனிக்கட்டை. தனிக்கட்டைன்னா அடங்கி இருக்கணுமில்ல? தொண்டை இருக்கு பாருங்க அதுக்கு, ஒலிபெருக்கி தோத்துரும்.

அந்தம்மா எனக்குப் பண்ணின காரியத்தைக் கேளுங்க. எங்க தெருவுக்கு ஒரு தள்ளுவண்டிக்காரன் காய் கொண்டு வருவான். ஒருநாள் என் மனசுக்குச் சரியாப் படல. உள்ள போயி என் சோதனைக் கல்லை எல்லாம் பெட்டியோட கொண்டு வந்து அவன் தராசை நடுத்தெருவுல சோதிச்சேன். தப்பா? பொம்பளைங்க எல்லாம் சுத்தி நிக்கறாங்க. இந்தம்மா வாசல்ல நின்னு, "எடைக்கல்லு வந்துட்டார், எல்லாரும் அவங்கவங்க தராசை ஒளிச்சு வைங்கடி"ன்னுச்சு. தெருவே சிரிச்சுது தம்பி. தள்ளுவண்டிக்காரனும் சிரிச்சான். சௌந்தரம் மட்டும் முந்தானையை வாயில வச்சிக்கிட்டு விறுவிறுன்னு உள்ள போயிட்டா. தோளு குலுங்குது அவளுக்கு. பாவம், புருஷனை இப்படிச் சொல்லிட்டாங்களேன்னு அழுகை.

அன்னையிலேர்ந்து என் பேரு எடைக்கல்லு. பால்காரன் புது ஆளுக்கு வழி சொல்றான், எடைக்கல்லு வீட்டுக்கு அடுத்த வீடுன்னு. சிலிண்டர் போடறவன் அப்படித்தான் சொல்றான். சின்னப் பசங்க பந்து உள்ள விழுந்தா, டேய் எடைக்கல்லு வீட்டுல விழுந்துருச்சுடாங்கறான். அரசாங்கமே கும்பிட்டு அனுப்பிவச்ச பேரு, ஒரு பொம்பளையோட வாயால போச்சு. எனக்கு வயிறு எரியுமா எரியாதா? நீங்களே சொல்லுங்க.

அன்னைக்கே வீட்டுல சட்டம் போட்டுட்டேன். அந்த வீட்டோட பேச்சு வார்த்தை கூடாது. சௌந்தரம் ஏன் எதுக்குன்னு கேக்கல, சரின்னுட்டா. அவ அப்படித்தான், சொன்ன சொல்லைத் தட்ட மாட்டா. அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து கோயிலுக்குப் போவாங்க, மார்க்கெட்டுக்குப் போவாங்க, சாயங்காலம் சுவருக்கு இங்கிட்டும் அங்கிட்டும் நின்னுக்கிட்டு மணிக்கணக்கா என்னமோ பேசுவாங்க. எல்லாம் ஒரே நாள்ல கட். அவளுக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. இருந்தா சொல்லியிருப்பாளே.

இப்படியே வருஷக்கணக்கா போச்சு. நானும் சந்தர்ப்பத்துக்குக் காத்துக்கிட்டு இருந்தேன். வசமா மாட்டாமயா போயிரும்?

மாட்டுச்சு. அந்தச் சுவரோரத்துல அடுக்குச் செம்பருத்தி ஒண்ணு வச்சிருந்தோம். இப்ப இல்ல, சொல்றேன். நல்லா வளந்து சுவருக்கு மேல தலையை நீட்டிக்கிட்டு நிக்கும். சாயங்காலம் மொட்டைப் பார்த்து வச்சுக்குவேன். காலையில எந்திரிச்சு வந்தா பாதிப் பூவைக் காணோம். சௌந்தரத்தைக் கேட்டா, சாமிக்கு வேணும்கறதைப் பறிச்சேங்கறா. மீதி எங்கன்னா, தெரியலையேங்கறா. அந்த மஞ்சள் வீட்டு வாசல்ல பார்த்தா, மாடத்துப் பிள்ளையார் தலையில என் செம்பருத்தி. எனக்குத் தெரியாதா என் பூ?

அங்கேயே போயி சண்டை போட்டிருக்கலாம். போட்டா என்னாகும், இல்லைன்னு சாதிக்கும். என் சர்வீஸ்ல நான் ஒருநாளும் கையில சாட்சி இல்லாம ஆள் மேல கை வச்சதில்ல. படம் வேணும். நாலு பேரு பார்க்கிற மாதிரி, பூவுல கை இருக்கும்போதே எடுத்த படம். அப்பத்தான் வருஷக்கணக்கா வாங்கின எடைக்கல்லுக்கு வட்டியோட திருப்பிக் குடுத்த மாதிரி இருக்கும்.

ஆனா நான் பிரஷர் மாத்திரை போடறவன். விடியக்காலையில என்னால எந்திரிக்க முடியாது. அந்தம்மா வர்றதோ விடிஞ்சும் விடியாத நேரம். என்ன செய்யறது? அப்பத்தான் கேமராவோட புஸ்தகத்தைப் படிக்கிறப்ப ஒரு வழி கிடைச்சுது. நீங்க இந்த மாதிரி கைவளைய லென்ஸ் போட்டிருந்தா, ஒரு தூரத்துக்கு வச்சுட்டு, கேமராவுல சொருகற வயர் ஸ்விட்சை அழுத்திப் பூட்டிடலாம். அழுத்தினதும் எடுக்காது. சும்மா காத்துக்கிட்டு இருக்கும். சரியா அந்தத் தூரத்துக்கு ஒரு ஆளு வந்து, பச்சை விளக்கு எரியற நொடி, தானா எடுத்துரும். மோட்டார் லென்ஸ் இப்படி நிக்காது, அது பாட்டுக்கு முன்னயும் பின்னயும் தேடிக்கிட்டுப் போயிரும். கைவளையம்தான் வச்ச இடத்துல நிக்கும். எலிப்பொறி மாதிரி வச்சுக்குங்களேன். எலி வந்தா விழும்.

அதுல ஒரு நுணுக்கம் இருக்கு. கிளைக்கு நேரா தூரம் வச்சா கிளையையே எடுத்துத் தள்ளிரும். கிளைக்குப் பக்கத்துல காலியா இருக்கிற இடத்துக்கு வைக்கணும், ஆளு வந்தா மட்டும் நிறையற இடத்துக்கு. காலி இடத்துக்கு எப்படித் தூரம் வைப்பீங்க? யாராவது அங்க நிக்கணும். சௌந்தரத்தைக் கூப்பிட்டேன்.

சுவரோரமாப் போயி நில்லு, பூப் பறிக்கிற மாதிரி கையை நீட்டுன்னேன். நின்னா. நான் இதே சன்னல்ல உக்காந்து, ஓட்டையை முழுசாத் திறந்து வச்சு, வளையத்தைத் திருப்பறேன். இந்த லென்ஸை முழுசாத் திறந்தீங்கன்னா தெளிவு ஒரு சாண்கூட நிக்காது தம்பி. முன்னாடி இருக்கறதும் கலங்கல், பின்னாடி இருக்கறதும் கலங்கல். மெல்லத் திருப்பறேன், அவ முகம் கலங்கி இருந்து தெளிஞ்சு வருது. மூக்குத்தி பளிச்சுன்னு ஆச்சு. பச்சை விளக்கு எரிஞ்சுது. அப்படியே வளையம் அசையாம இன்சுலேஷன் டேப்பை எடுத்து ஒட்டினேன். இதோ இருக்கு பாருங்க, கறுப்பு டேப். அதைத் தொடாதீங்க.

அப்ப அவ கீழ இருந்து அண்ணாந்து பார்த்து, "நல்லா இருக்கேனா?"ன்னு கேட்டா.

"உன்னை யாரு பார்த்தா, நான் தூரத்தைப் பாக்கறேன்"ன்னேன்.

வேலைன்னா வேலைதான். அப்படித்தானே?

அப்புறம் அவகிட்ட எல்லாத்தையும் விளக்கிச் சொன்னேன். காலையில கோலம் போட எந்திரிக்கிற இல்ல, மாடிக்கு வந்து இந்த ஸ்விட்சை அழுத்திப் பூட்டிட்டுப் போ. அந்தம்மா கை சுவருக்கு மேல வந்துச்சுன்னா கேமரா தானா பிடிச்சிரும்னேன். அவ சன்னல் வழியா ஒருதடவை சுவரை எட்டிப் பார்த்தா. சரின்னுட்டுப் போயிட்டா. நம்ம வீட்டுல அவளை விட்டா எனக்கு நம்பிக்கையான ஆளு யாரு இருக்கா?

மறுநாள் எந்திரிச்சு ஓடி வந்து பார்க்கறேன். விழுந்திருக்கு! ஒரே ஒரு படம். கேமராவுக்குப் பின்னாடி இருக்கிற சின்னத் திரையில பார்த்தேன். சுவருக்கு அங்கிட்டு ஊதாக் கலர்ல ஒரு உருவம், நீட்டின கை, கையில சிவப்பு. ஊதா நைட்டி. இந்தத் தெருவுல ஊதா நைட்டி யாருக்கு இருக்கு? மாட்டினடி மகளேன்னு வாய் விட்டே சொல்லிட்டேன்.

கலங்கல்தான். ஒத்துக்கறேன். அந்தம்மா நின்னது சுவருக்கு அந்தப் பக்கம், நான் தூரம் வச்சது சுவருக்கு இந்தப் பக்கம். ரெண்டடி வித்தியாசம். ஒரு கிராம் குறைஞ்சாலும் கண்டுபிடிக்கிற எனக்கு அந்த ரெண்டடி உறைக்கல. சௌந்தரத்தை நிக்க வச்சப்பவே அவ சொல்லியிருக்கலாம், ஏங்க, அவங்க நிக்கறது அங்கிட்டாச்சேன்னு. சொல்லல. ஆனா எனக்குக் கலங்கல் எல்லாம் ஒரு பொருட்டே இல்ல. அந்த உருவத்தையே பார்த்துப் பார்த்து, மூக்கு எது, கண்ணாடி எது, அந்தத் திமிர் பிடிச்ச தாடை எதுன்னு எனக்கு எல்லாம் தெரிஞ்சுது. யாரு பார்த்தாலும் தெரியும்னு நினைச்சேன்.

சுதந்திர தினத்துக்கு எங்க குடியிருப்போர் சங்கத்துல கொடியேத்துவாங்க. பூங்காவுல பந்தல் போட்டு, பசங்க வரைஞ்ச ஓவியம், பெரியவங்க எடுத்த படம் எல்லாம் வரிசையா மாட்டுவாங்க. யாரு வேணும்னாலும் குடுக்கலாம். இதை விட்டா வேற நாளா? டவுனுக்குப் போயி வாசக்கதவு அகலத்துக்கு பிரிண்ட் போட்டேன். கீழ கொட்டை எழுத்துல, "நம் நகரில் பூத்திருட்டு! நேரடிச் சாட்சி"ன்னு அடிச்சேன். ஸ்டுடியோப் பையன் படத்தைப் பார்த்துட்டு, சார் ரொம்ப அழகா இருக்கு சார், யாரு சார் இவங்கன்னான். அழகா இருக்காம், அந்தம்மா. அவனுக்குக் கண்ணுல கோளாறுன்னு நினைச்சுக்கிட்டேன்.

அன்னைக்குப் புது வேட்டி கட்டிக்கிட்டுப் போனேன். கொடியேத்தி, மிட்டாய் குடுத்து, எல்லாரும் படத்தைப் பார்க்க வந்தாங்க. என் படத்துக்கு முன்னாடி கூட்டம். நான் ஒரு ஓரமாக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன். சிரிப்பாங்க, அந்தம்மாவைத் திரும்பிப் பார்ப்பாங்க, அதுக்கு இனி ஊருல ஒரு புதுப் பேரு கிடைக்கும்னு காத்துக்கிட்டு இருக்கேன். ஒருத்தரும் சிரிக்கல. ஒருத்தரும் அந்தம்மாவைப் பார்க்கல. எல்லாரும் என் பொண்டாட்டியைத் திரும்பிப் பார்க்கறாங்க.

சங்கச் செயலாளர் என்கிட்ட வந்து, காதோட சொன்னார். "என்ன சார், வீட்டம்மாவையே திருடின்னு போட்டு மாட்டிட்டீங்க?"

அப்பத்தான் தம்பி நான் அந்தப் படத்தை முழுசாப் பார்த்தேன். சத்தியமாச் சொல்றேன், அதுவரைக்கும் பார்க்கல. அந்த ஊதாக் கலங்கலையே பார்த்துக்கிட்டு இருந்துட்டேன். அதுக்கு முன்னாடி, சுவருக்கு இந்தப் பக்கம், படத்துல பாதி இடத்தை அடைச்சுக்கிட்டு சௌந்தரம் பக்கவாட்டா நிக்கறா. கண் இமை ஒவ்வொண்ணும் எண்ணலாம், அவ்வளவு தெளிவு. மூக்குத்தி பளிச்சுங்குது. ரெண்டு கையிலயும் செம்பருத்தியை அள்ளிக் குடுக்கறா. சிரிக்கறா. என்ன சிரிப்புன்னு சொல்றது? பல்லெல்லாம் தெரிய, கண்ணு பாதி மூடிப்போயி, அனுராதா வயசுல பாதி வயசு மாதிரி. நான் அவளைக் கட்டின நாளா அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்ல. அந்த முகத்துக்குக் கீழ பூத்திருட்டுன்னு என் எழுத்து.

அவ கையில மிட்டாயை வச்சுக்கிட்டு நின்னா. உரிக்காத மிட்டாய்.

அந்த மஞ்சள் வீட்டம்மா என்ன பண்ணுச்சு தெரியுமா? கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்து, அந்த எழுத்து இருந்த பட்டையை மட்டும் கையாலயே கிழிச்சுது. அப்புறம் அந்த எக்ஸ்சேஞ்சுத் தொண்டையில சொல்லுச்சு. "சௌந்தரம் அவ செடியில அவ பறிச்சா. எனக்குக் குடுத்தா. வாங்கினது நான்தான்."

கேட்டீங்களா? ஒத்துக்கிச்சு! நாலு பேரு முன்னாடி, வாங்கினது நான்தான்னு ஒத்துக்கிச்சு. எனக்கு வேண்டியது அதானே? கேஸ் முடிஞ்சுது, நான்தான் ஜெயிச்சேன். அதைப் புரிஞ்சுக்கற அளவுக்கு அந்தக் கூட்டத்துல ஒருத்தனுக்கும் மூளை இல்ல. ஆளாளுக்குக் கலைஞ்சு போயிட்டான்.

வீட்டுக்கு வந்து சௌந்தரத்தைக் கேட்டேன். அந்த வீட்டோட பேசக்கூடாதுன்னு சொல்லியிருந்தேனா இல்லையா? அவ நிலைப்படியில உக்காந்துக்கிட்டு, நிதானமாச் சொன்னா.

"பேசல. இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை பேசல. காலையில பூவைக் குடுப்பேன், அவங்க சிரிப்பாங்க, நான் சிரிப்பேன். அவ்வளவுதான். அவங்க கை சுவருக்கு மேல வந்தா கேமரா பிடிச்சிரும்னு சொன்னீங்க. ஸ்விட்சைப் போடச் சொன்னீங்க, போட்டேன். அதான் அவங்களைத் தள்ளி நிக்கச் சொல்லிச் சைகை காட்டிட்டு, நானே வந்து நின்னேன்."

அவ்வளவுதான் சொன்னா. அதுதான் அவ என்கிட்டக் கடைசியாப் பேசினது. அப்புறம் சோறு போடறா, மாத்திரை எடுத்து வைக்கறா, காபி வைக்கறா, ஒண்ணும் குறை இல்ல. பேச்சுதான் இல்ல. பேச்செல்லாம் இப்ப அங்க. காலையில கேட்டைத் திறந்துக்கிட்டு நேரா அந்த வீட்டு வாசல் வழியாவே போறா. கேக்குதா? சன்னல்கிட்ட வந்து கேளுங்க. அதான். அவதான் பேசறா. அந்தம்மாவோட தொண்டையே அடங்கிப்போச்சு, இவ பேச்சுல.

எல்லாம் அந்தம்மா ஏத்தி விடறது. இல்லேன்னா சௌந்தரத்துக்கு இவ்வளவு அழுத்தம் எங்கேர்ந்து வரும்?

நான் விட்டுருவேனா? பிரச்சினைக்கு மூலமே அந்தச் செடிதானேன்னு, அடுத்த நாளே அரிவாளை எடுத்து அடியோட வெட்டினேன். ஒரு சிம்பு விடல. சௌந்தரம் துணி காயப்போட்டுக்கிட்டே பார்த்தா. தடுக்கல. நல்லா வேணும், இனி அந்தப் பிள்ளையார் மொட்டைத் தலையோட இருக்கட்டும்னு இருந்தேன். கொஞ்ச நாள் கழிச்சு சாமி கும்பிடப் போறேன், என் வீட்டு முருகனுக்குச் சிவப்பு அடுக்குச் செம்பருத்தி. எனக்குத் தலை சுத்திப்போச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, எப்பவோ இவ ஒரு குச்சியை ஒடிச்சுக் குடுத்திருக்கா, அந்தம்மா அது வீட்டுக் கொல்லையில நட்டு மரம் மாதிரி வளத்து வச்சிருக்கு. இப்ப தினம் அங்கேர்ந்து பூ வருது. என் வீட்டுச் சாமிக்கு அந்த வீட்டுப் பூ. எடுத்துத் தூர எறியலாம்னு கையைக் கூடக் கொண்டு போயிட்டேன். சாமி தலையில இருக்கறதை எப்படி எறியறது?

அந்தப் படத்தையும் அந்தம்மாதான் கொண்டு போயிருக்கு. கண்ணாடி போட்டு கூடத்துல மாட்டியிருக்காம். நான் எடுத்த படம், நான் போய்ப் பார்க்க முடியாது.

இப்பக் கோளாறுக்கு வர்றேன். அதுக்கப்புறமும் நான் கேமராவை எடுத்து வைக்கல. இங்கேயேதான் இருக்கு, அதே சன்னல், அதே குறி, அதே டேப். இப்ப நானே விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சிடறேன். மாத்திரை போட்டும் தூக்கம் வர்றதில்ல. ஸ்விட்சைப் போட்டுப் பூட்டிட்டு, தள்ளி உக்காந்துக்குவேன். அவ கோலம் போட்டுட்டு எந்திரிக்கிற சத்தம் கேக்கும். கேட்டுத் தாழ்ப்பாள் சத்தம் கேக்கும். கேமரா சத்தம் மட்டும் கேக்காது. ஒருநாள்கூட விழல. லென்ஸ் கெட்டுப்போச்சு. இல்லேன்னா அந்த வளையத்துல ஏதோ கோளாறு.

என்ன கேக்கறீங்க? செடிதான் இல்லையே, எதைத் திருட வருவாங்கன்னா? கறிவேப்பிலை இருக்குல்ல. அது அந்த மூலையில இருக்குதான், குறி அங்க இல்லதான். இருக்கட்டும். அந்தம்மாவை நம்ப முடியாது தம்பி.

நீங்க ஒரு உதவி செய்யுங்க. எடுத்துக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பார்த்துடணுமில்ல? நான் போயி நிக்கலாம்தான். அந்தம்மா பார்த்தா எடைக்கல்லு சுவரோரம் நிக்குதுன்னு அதுக்கும் ஒரு பேரு வைக்கும். நீங்க கீழ இறங்கிப் போயி அந்த வெட்டின அடிக்கட்டை இருக்கு பாருங்க, அதுக்குப் பக்கத்துல நில்லுங்க. செருப்பை வாசல்ல போட்டுக்குங்க, முள்ளு இருக்கும். போங்க.

தம்பி, இங்க பாருங்க, சன்னலைப் பாருங்க. ஸ்விட்சைப் போட்டுட்டேன். இன்னும் கொஞ்சம் சுவர்கிட்ட போங்க. வலது பக்கம். கலங்கலாத்தான் இருக்கீங்க. இன்னும் கொஞ்சம். கையை நீட்டுங்க, பூப் பறிக்கிற மாதிரி. கொஞ்சம் குனிஞ்சு...

எடுத்துருச்சு.

சத்தம் கேட்டுச்சா உங்களுக்கு? எடுத்துருச்சு. போதும், மேல வாங்க.

இதோ, பாருங்க. உங்க முகம். மீசை முடி கூடத் தெரியுது. லென்ஸ்ல கோளாறு ஒண்ணும் இல்ல. வளையத்துலயும் இல்ல. இத்தனை நாளும் சரியாத்தான் இருந்திருக்கு. ஆளு வரலைன்னா அது என்ன பண்ணும்?

உங்களுக்குப் பின்னாடி, சுவருக்கு அங்கிட்டு ரெண்டு கலங்கல் இருக்கு பாருங்க. ஊதா அந்தம்மா. பக்கத்துல இருக்கிற பச்சை, சௌந்தரம். நீங்க சுவரோரம் கையை நீட்டிக்கிட்டு நின்னதைப் பார்த்துட்டுச் சிரிக்கறா. கலங்கலா இருந்தா என்ன, எனக்குத் தெரியும். வளையத்தை ஒரு நகக்கண் அளவு திருப்பியிருந்தா முகம் தெளிஞ்சிருக்கும். டேப் ஒட்டியிருக்கு. திருப்பினா அந்தம்மாவும்ல சேர்ந்து தெளிவா விழும்.

காபி ஆறிப்போச்சு உங்களுக்கு. வேற போடச் சொல்லலாம்னா, நான் கூப்பிட்டா அவ பதில் சொல்ல மாட்டா. நீங்க வேணா கூப்பிட்டுப் பாருங்க. வேணாமா? சரி.

லென்ஸை நீங்களே கழட்டிக்குங்க தம்பி. இடது பக்கமா முறுக்குங்க, வந்துரும். அந்தக் கறுப்பு டேப்பை மட்டும் இங்க உரிக்காதீங்க. உங்க வீட்டுக்குப் போயி உரிச்சுக்குங்க.